எது முதன்மைச் சுருள்? முத்துக்குளித்துறையில் மின்மாற்றியின் வரலாறு

பள்ளிப் பாடநூலில் மின்மாற்றிக்கு ஒரு படம் உண்டு. சதுரமான இரும்புச் சட்டம். அதன் இடக்கையில் ஒரு சுருள், வலக்கையில் ஒரு சுருள். இடப்புறத்தது முதன்மைச் சுருள், வலப்புறத்தது துணைச் சுருள். முதன்மையில் மின்சாரம் நுழையும். துணையில் அழுத்தம் கூடியோ குறைந்தோ வெளியேறும். இத்துடன் பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

முதன்மைச் சுருள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்று அப்படம் கேட்பதில்லை. இரண்டு முதன்மைகள் கொண்டவை, மூன்று கொண்டவை, நான்கு கொண்டவை என மின்மாற்றிகள் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. அவற்றின் வரலாறு மின்மாற்றியின் வரலாற்றைவிட ஒரு நாள்கூட இளையதன்று. இக்குழுவில் கடலைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் முத்தைப் பற்றியும் நண்பர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே கரையில் கம்பி வந்த கதையையும் ஒருவர் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஊர். புதுக்கோட்டை என்றவுடன் தொண்டைமான் அரண்மனையை நினைத்துக்கொள்ளும் வாசகர்கள் பொறுத்தருள்க. நான் சொல்வது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில், கோரம்பள்ளம் கடந்து, வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வரும் புதுக்கோட்டை. தூத்துக்குடிப் பேருந்தில் நடத்துநர் 'புதுக்கோட்டை' என்றால் அது இவ்வூர்தான். தொண்டைமானுக்கு அங்கே வேலையில்லை. கிழக்கே உப்பளம்; மேற்கே மானாவாரிக் கரிசல். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் தண்ணீர் கோரம்பள்ளம் குளத்தோடு நின்றுவிடுகிறது. அவ்வூரைத் தாண்டிச் செல்லும் உயர்கோபுரங்களை எண்ணிக்கொண்டே போனால், ஒரு நூற்றாண்டில் இக்கரை எதை விற்று வாழ்ந்தது, எதை வாங்கி எரித்தது என்ற கணக்கும் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

இனி 1831க்குப் போவோம். அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் லண்டனில் மைக்கேல் பாரடே தம் நாட்குறிப்பில் ஓர் இரும்பு வளையத்தைப் பற்றி எழுதினார். மெல்லிரும்பு, ஆறு அங்குலப் புறவிட்டம், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிமன். அதன் ஒரு பாதியில் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நூற்கயிறு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே காலிக்கோத் துணி. (அந்தத் துணியின் பெயரே கோழிக்கோட்டிலிருந்து போனதுதான்.) மறுபாதியில் வேறொரு சுருள். முதற்பாதியில் மின்கலத்தை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மறுபாதியோடு இணைந்திருந்த காந்த ஊசி துள்ளியது. உலகின் முதல் மின்மாற்றி அது என்று நாம் சொல்வது இதனால்தான்.

பாடநூல்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகின்றன. மின்கலம் இணைந்த பாதியில் இருந்தது ஒற்றைக் கம்பியன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 அடி நீளமுள்ள மூன்று தனித்தனிக் கம்பிகள். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே நீளமாக்கலாம். தனித்தனியாகவும் பயன்படுத்தலாம் என்று அவரே குறித்திருக்கிறார். மறுபாதியிலும் இரண்டு துண்டுகள், சேர்த்து 60 அடி. ஆக, முதல் மின்மாற்றியே பல முதன்மைச் சுருள் கொண்டது. ஒரு முதன்மை, ஒரு துணை என்ற படம் பின்னாளில் ஆசிரியர்கள் எளிமைக்காக வரைந்துகொண்டது.

பாரடே ஏன் அப்படிச் செய்தார்? கையிலிருந்த மின்கலத்துக்கு எது பொருந்தும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. கோத்துப் பார்க்கலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று வழியைத் திறந்து வைத்தார். பின்னாளில் பல முதன்மைச் சுருள்களை வடிவமைத்த ஒவ்வொருவருக்கும் இதே காரணந்தான். எதிர்முனையில் என்ன மின்சாரம் காத்திருக்கிறது என்பது வடிவமைப்பவரின் கையில் இல்லை.

அவ்வாண்டில் நம் கரை எப்படி இருந்தது? ஒல்லாந்தர் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் இறுதியாக ஒப்படைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துப் பார்களைச் சோதிப்பது, விளைந்திருந்தால் ஏலம் கூறுவது, விளையாவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பது என்பதே கும்பினியின் தொழில். இரவில் வெளிச்சம் என்பது எண்ணெய்.

வணிகப் பொருளாக மின்மாற்றி உருவானதற்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சுக்காரரான லூசியன் கோலார், ஆங்கிலேயரான ஜான் கிப்ஸ் என்பாரோடு சேர்ந்து 1883இல் லண்டனில் தம் கருவியைக் காட்டினார். மறு ஆண்டு இத்தாலியின் தூரின் நகரக் கண்காட்சியில், லான்சோ வரை 40 கிலோமீட்டர் தொலைவுக்கு மாறுமின் அனுப்பி விளக்கெரித்தார். உயரழுத்தத்தில் அனுப்பி, வேண்டுமிடத்தில் தாழ்த்திக்கொள்ளலாம் என்பதைக் கண்கூடாக நிறுவியவர் அவர்தான். ஆனால் அவர் எல்லா மின்மாற்றிகளின் முதன்மைச் சுருள்களையும் ஒரே மாலையாகத் தொடர் இணைப்பில் கோத்துவிட்டார். ஓரிடத்தில் விளக்கை அணைத்தால் மற்ற இடங்களில் வெளிச்சம் தடுமாறியது. 1885இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிப்பெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, தேரி என்ற மூவர் முதன்மைகளைப் பக்க இணைப்பில் வைத்தனர். உள்ளகத்தையும் திறந்த தண்டாக விடாமல் மூடிய வளையமாக்கினர். 'டிரான்ஸ்பார்மர்' என்ற பெயரும் அவர்கள் கொடுத்தது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கோலாரின் கருவிகளை வரவழைத்தார்; அவரிடம் பணியாற்றிய வில்லியம் ஸ்டான்லி அவற்றைத் திருத்தி, 1886 மார்ச்சில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரின் கடைத்தெருவுக்கு ஒளியூட்டினார்.

கோலார் என்ன ஆனார்? இங்கிலாந்தில் பெர்ராண்டி தரப்பு தொடுத்த எதிர்ப்பில் அவருடைய காப்புரிமை செல்லாதென்றாயிற்று. மனம் பேதலித்து, பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் 1888 நவம்பரில் இறந்தார். வயது 38. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பள்ளியில் நாம் விளையாட்டாகப் படிக்கும் இரு சொற்களின் இடைவெளியில் ஒரு மனிதர் விழுந்து மாண்டார் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. அதே 1888இல் தூத்துக்குடியில் ஹார்வி குழுமத்தின் கோரல் ஆலை எழுந்தது. இருபது ஆண்டு கழித்து, 1908இல், வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்தினாரே, அதே ஆலை. அப்போது அது நீராவியில் ஓடிற்று.

நிற்க. இரண்டு முதன்மைச் சுருள் வைப்பதில் என்ன இலாபம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கணக்கென்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். கூட்டல், வகுத்தல் தவிர எதுவுமில்லை.

115 வோல்ட் ஊரிலும் 230 வோல்ட் ஊரிலும் ஓட வேண்டிய 500 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்று. வோல்ட்டுக்கு நான்கு சுற்று என்று உள்ளகம் அமைந்திருப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட்டுக்கு 920 சுற்று வேண்டும். எளிய வழி, 920 சுற்று சுற்றி நடுவில் 460இல் ஒரு முனை எடுப்பது. நம் ஊர் ரீவைண்டிங் கடைகளில் டேப்பிங் என்பார்கள். 115 வோல்ட் ஊரில் 460 சுற்றுகள் மட்டும் வேலை செய்யும். மீதி சும்மா கிடக்கும். ஆனால் 115 வோல்ட்டில் அதே திறனுக்கு மின்னோட்டம் 4.35 ஆம்பியர். 230இல் 2.17தான். ஆகவே முதல் 460 சுற்றுக்குத் தடித்த கம்பி தேவை. பாதிச் செம்பு சும்மாயிருக்க, மீதிப் பாதி தடித்து நிற்கும்.

மாற்று வழி: 460 சுற்றுகள் கொண்ட இரண்டு தனிச் சுருள்கள். 230 வோல்ட் ஊரில் இரண்டையும் தொடராகக் கோக்க, ஒவ்வொன்றிலும் 2.17 ஆம்பியர். 115 வோல்ட் ஊரில் பக்கமாக இணைக்க, 4.35ஐ இரண்டும் பாதி பாதியாகப் பகிர்ந்து மறுபடி 2.17. எந்த ஊரானாலும் எல்லாச் செம்பும் வேலை செய்கிறது. சுற்றொன்றுக்கான அழுத்தம் மாறாததால் உள்ளகத்தின் காந்தப்பாயமும் மாறுவதில்லை. மிக அழகான தீர்வு. எத்தனை தடவை யோசித்தாலும் இதன் சிக்கனம் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அழகுக்கு விலை உண்டு. முதலாவது, திசை. ஒரு சுருளின் தொடக்கமும் முடிவும் மாறிவிட்டால், தொடர் இணைப்பில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக் காந்தப்பாயமே எழாது. பக்க இணைப்பிலோ ஒன்றன் மின்னழுத்தம் மற்றதைக் குறுக்கே இணைத்துவிடும். இரண்டிலும் மின்னோட்டத்தைத் தடுக்கச் செம்பின் சிறு மின்தடை தவிர வேறொன்றும் இராது. சில நொடிகளில் புகை. சுருளின் தொடக்க முனைக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இதற்காகத்தான். புள்ளி அழிந்துபோன பழைய மின்மாற்றியோடு வருவோரிடம் கடைக்காரர் ஒரு குண்டு விளக்கைத் தொடராகப் போட்டுப் பார்ப்பார். விளக்கு மங்கலாக நின்றால் திசை சரி. பிரகாசித்தால் முனைகளை மாற்று. பாரடேயின் காந்த ஊசிக்கு நம் கடைத்தெருவில் 'சீரிஸ் லாம்ப்' என்று பெயர்.

இரண்டாவது, சமம். பக்கமாக இணைக்கும் இரு சுருள்களில் ஒரே ஒரு சுற்று கூடிக் குறைந்தாலும் அவ்விரண்டுக்குள்ளேயே ஒரு வீண் மின்னோட்டம் ஓயாது சுழலும். சுற்று எண்ணிக்கை சமமாயிருந்தாலும், ஒன்றை உள்ளேயும் மற்றதை அதன்மேலும் சுற்றினால் வெளிச்சுருளுக்குக் கம்பி கூடுதலாகச் செல்லும். அதன் மின்தடை வேறு, கசிவுப் பாயமும் வேறு. இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே கையில் சுற்றினால் இக்குறை நீங்கும். அப்போது அடுத்தடுத்த கம்பிகளுக்கிடையே எல்லா இடத்திலும் 115 வோல்ட் நிற்கும். எனாமல் பூச்சு அதைத் தாங்க வேண்டும். ஒன்றைக் காக்கப்போனால் இன்னொன்று கேட்கும். வடிவமைப்பு என்பதே இந்தப் பேரந்தான்.

வால்வு ரேடியோக் காலத்தவருக்கு இதெல்லாம் பழகிய பொருள். பெட்டியின் பின்புறம் 110, 127, 220, 245 என்று எண்கள் பொறித்த ஒரு சிறு திருகு இருக்கும். ஐரோப்பாவில் ஊருக்கொரு மின்னழுத்தம் இருந்தமையால் வந்த ஏற்பாடு. கப்பல்களில் 110 வோல்ட் நேர்மின் வழங்கிற்று. நேர்மின்னில் மின்மாற்றி ஒரு பயனுமற்ற இரும்புக்கட்டி. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் கப்பல் நாள்தோறும் சென்ற நாட்கள் 1914இல், தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்ததும், முடிந்தன. ஆனாலும் சரக்கு வருவதும் இலங்கை வானொலியின் குரல் வருவதும் நிற்கவில்லை. பின்புறத் திருகை ஊர் மின்னழுத்தத்துக்கு மாற்றாமல் செருகிப் பெட்டியைப் பலி கொடுத்த கதை துறைமுகத் தெருக்களில் வீட்டுக்கொன்று உண்டு.

பெரிய மின்சாரம் இக்கரைக்கு மலையிலிருந்து வந்தது. தமிழகத்தின் பெரும் புனல்மின் திட்டங்கள் மூன்றும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் அமைந்தவை. நீலகிரியில் 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து நீரை இறக்கிய பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல், பொருநையின் பாபநாசம் 1944இல். காரையாற்றில் 143 அடி அணை கட்டி, போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கிடையே இயந்திரங்களை ஏற்றினார்கள். பாபநாசத்தில் ஹார்வி ஆலை 1880களிலேயே அருவிநீரின் வலுவால் நேரடியாகக் கதிர்களைச் சுழற்றியது. அதே ஆற்றின் வலு இப்போது கம்பியில் ஏறித் திருநெல்வேலிச் சீமையின் ஆலைகளுக்கும் தூத்துக்குடிக்கும் வந்தது. மதுரை வழியாகப் பைக்காராவோடும் கைகோத்தது. யாருக்காக வந்தது என்று கேட்டால், முதலில் ஆலைக்காக; பிறகு நகரத்துக்காக; கிராமத்துக்கு வெகுநாள் கழித்து. 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகுதான் கிணற்றுக் கரையில் மோட்டார் என்பது பெருவழக்காயிற்று. புதுக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மோட்டாரைவிட வானந்தான் இன்றும் பெரிய மின்வாரியம்.

தனித்தனியாகத் தொடங்கிய திட்டங்கள் பின்னர் இணைந்ததன் தழும்பு இன்றும் உண்டு. தமிழகத்தின் சில பகுதிகளில் ஊருக்குள் வரும் கம்பி 11 கிலோவோல்ட். வேறு சிலவற்றில் 22. ஒரு பகுதியை 11இலிருந்து 22க்கு உயர்த்துவதாயின் அங்குள்ள மின்மாற்றிகளை எல்லாம் ஒரே இரவில் மாற்ற இயலாது. இதற்கு உலகெங்கும் மின்வாரியங்கள் கண்ட வழி நம் ரேடியோப் பெட்டியின் வழியேதான்: உயரழுத்தப் பக்கத்தில் இரண்டு சம சுருள்கள், இன்று பக்கமாக, 11க்கு, நாளை தொட்டியைத் திறந்து இணைப்புப் பட்டையை மாற்றித் தொடராக, 22க்கு. ஆனால் தொடக்க நாளிலிருந்தே மின்காப்பு 22ஐத் தாங்க வேண்டும். இன்று தேவைப்படாத காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் இன்றே பணம் செலுத்துவதா என்ற வழக்கு கணக்கர்களுக்கும் பொறியாளர்களுக்கும் நெடுங்காலம் நடந்தது.

இக்கரையில் மின்காப்புக்கு இன்னொரு பகை, உப்பு. தூத்துக்குடியின் வெள்ளைத் தங்கம் காற்றில் ஏறிப் பீங்கான்களில் படியும். மழையற்ற மாதங்கள் நீளும், படிவு தடிக்கும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பின்னிரவில் பனி இறங்கி அதை ஈரமாக்கும்போதுதான் பீங்கானின் மேற்பரப்பில் நீலப் பொறி ஊர்ந்து, கம்பிக்கும் கோபுரத்துக்கும் பாலமிட்டுவிடும். ஆகவே கரையோரத் துணைமின் நிலையங்களில் பீங்கானைக் கழுவுவது ஒரு பருவ வேலை. விளிம்புகள் நெருங்கி நீண்ட பீங்கான்களையும், பிற்பாடு நீர் ஒட்டாத சிலிக்கோன் ரப்பரையும் இங்கே கொண்டுவந்தது இதனால்தான். ஒரே வெயில், ஒரே காற்று. உப்பளத்தாருக்கு அது விளைச்சல், மின்வாரியத்தாருக்கு அது விபத்து.

1955 தொடங்கி 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் விளையவில்லை. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் அதனருகே அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடிற்று. 210 மெகாவாட் வீதம் ஐந்து இயந்திரங்கள் 1990களின் தொடக்கத்துக்குள் அமைந்தன. நிலக்கரி கப்பலில் வந்தது. மின்சாரம் கம்பியில் மேற்கே போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் பொருநை மலையிலிருந்து கடலை நோக்கி வந்த மின்சாரம், இப்போது கடலிலிருந்து மலையை நோக்கித் திரும்பியது.

திசை திரும்பியதும் பெயரும் திரும்ப வேண்டுமே! அனல்மின் நிலையத்து மின்னியற்றி 15.75 கிலோவோல்ட்டில் தருவதை மின்மாற்றி 230 கிலோவோல்ட்டுக்கு உயர்த்துகிறது. ஆற்றல் நுழைவது தாழ்வழுத்தச் சுருளில்; எனவே அதுவே முதன்மை. முதன்மை, துணை என்பவை செம்பின் குணமல்ல. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தவை. நடைமுறைப் பொறியாளர்கள் இக்குழப்பத்துக்கு அஞ்சி உயரழுத்தச் சுருள், தாழ்வழுத்தச் சுருள் என்றே பேசுவர். அவர்கள் சொல்வழக்கே நேர்மையானது என்பது என் கட்சி.

செம்பு என்றவுடன் இவ்வூரில் ஒருவர் பேசாமல் கடந்துவிட முடியாது. ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன் செம்பு தரவல்ல ஸ்டெர்லைட் உருக்காலை 1990களில் தூத்துக்குடியில் வந்தது. நாட்டின் சுருள்கம்பிகளில் ஒரு பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இங்கிருந்துதான் போயிற்று. காற்றும் நிலத்தடி நீரும் கெட்டனவென்று மக்கள் போராடினர். 2018 மே 22ஆம் நாளும் மறுநாளும் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாத இறுதியில் அரசாணையால் ஆலை மூடப்பட்டது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆலை மூடியபின் செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யத் தொடங்கியதென்று ஒரு தரப்பார் சுட்டுவர். உண்மைதான். சுருளில் செம்பு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. அதை உருக்கும் புகையை எவர் சுவாசிப்பது என்றுதான் கேட்டார்கள். கிராமத்துக் கம்பத்தில் தொங்கும் சிறு மின்மாற்றிகளில் பலவும் அலுமினியச் சுருள் கொண்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். விலை குறைவு, திருடருக்கும் ஆர்வம் குறைவு.

பல முதன்மைகள் என்பது இரண்டு மின்னழுத்தங்களுக்கான ஏற்பாடாயிருந்த நிலை மாறி, பல ஊற்றுகளுக்கான ஏற்பாடானது காற்றாலைக் காலத்தில். தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் அமைந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரே காற்றாலை அதைப்போல் நாற்பது மடங்கும் அதற்கு மேலும் தருகிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் வந்தது. முப்பந்தல் கணவாய் நிரம்பிற்று. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

பிற்காலத்துக் காற்றாலை வகையொன்றில் மின்னியற்றியின் நிலைச்சுருளிலிருந்து பெரும்பங்கு மின்சாரம் ஒரு மின்னழுத்தத்தில் வருகிறது. சுழலியிலிருந்து சிறுபங்கு மின்னணு மாற்றியின் வழியே வேறொரு மின்னழுத்தத்தில் வருகிறது. இரண்டையும் ஒரே மின்மாற்றியின் இரு முதன்மைகள் ஏற்று, ஒரே உயரழுத்தச் சுருளில் சேர்க்கின்றன. இங்கே சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று பெரியது, மற்றது சிறியது. காற்றின் வேகம் குறைந்தால் சுழலிப் பக்கத்தில் ஆற்றல் எதிர்த்திசையிலும் ஓடும். அதாவது அந்தச் சுருள் ஒரே மாலைப்பொழுதில் முதன்மையாகவும் துணையாகவும் பலமுறை வேடம் மாறுகிறது.

சூரியமின் பண்ணையில் இது இன்னும் விரிகிறது. தூத்துக்குடிக்கு வடகிழக்கே கமுதியில் 648 மெகாவாட் பண்ணை 2016இல் வந்தபின் இத்துறை இப்பகுதியில் வேரூன்றிவிட்டது. பலகைகள் தரும் நேர்மின்னை இன்வெர்ட்டர்கள் சில நூறு வோல்ட் மாறுமின்னாக்குகின்றன. அதை 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும். ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் ஒரு மின்மாற்றி என்றால் இரும்பும் எண்ணெயும் கட்டுப்படியாகாது. ஒரே சுருளில் எல்லா இன்வெர்ட்டர்களையும் கட்டினால், நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் அவற்றின் ஆளிகள் ஒரே கணத்தில் இயங்குவதில்லையாதலால், ஒன்றன் துடிப்பு மற்றதற்குள் பாய்ந்து சுழலும். ஆகவே ஒரே தொட்டியில், ஒரே உள்ளகத்தில், இன்வெர்ட்டருக்கு ஒன்றாக இரண்டு, நான்கு தாழ்வழுத்தச் சுருள்கள். அத்தனையும் முதன்மை.

ரேடியோக் காலத்து இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. அங்கே இரு முதன்மைகளும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு நன்று. இங்கே ஒன்றுக்கொன்று விலகியிருக்க வேண்டும். உயரழுத்தச் சுருளோடு மட்டும் ஒவ்வொன்றும் நெருங்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் மருமக்கள்மார் உறவு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இதற்காகத் தாழ்வழுத்தச் சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூணில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரழுத்தச் சுருளையும் பகுத்து வைக்கின்றனர். நான்கும் ஒருசேர வேலை செய்யும்வரை எல்லாம் நலம். ஓர் இன்வெர்ட்டர் பழுதாகி நின்றுபோனால் தூணின் ஒரு பகுதி வெறுமையாகி, கசிவுப் புலம் ஒருச்சாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கம்பியில் எங்கேனும் குறுக்கிணைப்பு நேர்ந்தால், சுருளை மேலும் கீழும் தள்ளும் விசை இயல்பைவிடப் பன்மடங்கு எழும். சுருள்கள் நழுவி, காப்புக் கட்டைகள் நொறுங்கும். ஆகையால் எல்லாம் ஓடும் நிலைக்கு மட்டுமன்றி, ஒன்று நின்றால், இரண்டு நின்றால் என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் கணக்கிட்டே வரைபடம் கையெழுத்தாக வேண்டும்.

இன்வெர்ட்டரின் கூரிய துடிப்புகள் உயரழுத்தப் பக்கம் தாவாதிருக்க நடுவே ஓர் உலோகத் தகட்டைப் போர்த்திப் புவியோடு இணைப்பது வழக்கம். அத்தகடு சுருளை முழுதும் சூழ்ந்து இரு விளிம்பும் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அதுவே ஒரு சுற்றுள்ள துணைச் சுருளாகிக் குறுகி எரியும். ஒரு விரற்கடை இடைவெளிவிட்டு, நடுவே காப்புத்தாள் வைத்து மடிப்பர். பல கோடி ரூபாய்ப் பண்ணையின் ஆயுள் அந்த விரற்கடையில் இருக்கிறது.

துறைமுகத்தில் வேறொரு வகைப் பொருந்தாமை காத்திருக்கிறது. கப்பல்களில் பெரும்பாலானவை 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் கரை 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நங்கூரமிட்ட கப்பல் தன் டீசல் இயந்திரத்தை நிறுத்திக் கரை மின்சாரத்தை வாங்கிக்கொண்டால் துறைமுகக் காற்று தெளியும். மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதானே, ஒரு முனையைக் கூட்டி எடுத்தால் போதாதா என்று தோன்றும். உள்ளகம் பார்ப்பது மின்னழுத்தத்தை மட்டுமன்று. மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்த ஈவை. 440ஐ 60ஆல் வகுக்க 7.33, 415ஐ 50ஆல் வகுக்க 8.3. கப்பலின் இரும்பில் காந்தப்பாயம் 13 விழுக்காடு மிகும். நிறைவுநிலைக்கு அருகே வடிவமைத்த இரும்பு அதைத் தாங்காமல் சூடேறி முனகும். மோட்டார்களும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். எத்தனை முதன்மைச் சுருள்களை அடுக்கினாலும் அதிர்வெண்ணை மின்மாற்றியால் மாற்ற இயலாது. அதற்கு மின்னணு மாற்றி வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

சூரியமின் பண்ணைக்கு இன்னும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் இன்வெர்ட்டர்கள் உறங்கிவிடும். மின்மாற்றி உறங்குவதில்லை; 33 கிலோவோல்ட் கம்பியோடு இணைந்தே நிற்கிறது. உள்ளகத்தின் காந்தப்பாயத்தை இரவெல்லாம் நிலைநிறுத்தும் இழப்பை இப்போது கம்பிதான் ஊட்ட வேண்டும். பகலில் துணையாயிருந்த உயரழுத்தச் சுருள் இரவில் முதன்மையாகி, பகலில் முதன்மையாயிருந்த நான்கும் சும்மா மின்னழுத்தம் ஏந்திக் கிடக்கின்றன. அந்த மின்சாரத்துக்குப் பண்ணைக்காரர் மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறார். இரவில் ஆளியைத் திறந்து வைத்தாலென்ன என்று கேட்பவர் உண்டு. திறந்தால் ஒவ்வொரு விடியலிலும் மறுபடி மூட வேண்டும். மூடும் கணத்தில் பாயும் மின்னோட்டம் முழுச்சுமையின் பல மடங்கு. ஆண்டுக்கு 365 முறை, இருபத்தைந்து ஆண்டுகள், அந்த உதையைச் சுருள்கள் வாங்க வேண்டும். பெரும்பாலோர் ஆளியை மூடியே வைத்து இரவுக்கான கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.